பின்னறைக்கு எட்டாத முகம்

சீதேவி தன் மூத்த மகனின் படத்துக்கு விளக்கேற்றத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த மகன் அழகரத்தினமோ சுவிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

இதை அவனுடைய மனைவி கஜானி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவன் அனுப்பிய சொக்லேட் பெட்டியைக் காட்டினாள். தொலைபேசியை மாமியின் காதில் வைத்துப் பிடித்தாள். எதுவும் எடுபடவில்லை.

“சொக்லேட் கடையிலயும் விக்கிதுதானே, புள்ள,” என்றாள் சீதேவி. “கதைக்கிறது ஆரோ ஒரு பொடியன். உன்ட மச்சான்மாரில ஒருத்தனா இரிக்கும். நீ எனக்காகச் செய்யிறாய். எனக்குத் தெரியும்கா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் கஜானியும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள். மாமி அவளுடைய தலையைத் தடவியபடி சொன்னாள். காலையில் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு பின்னறைக்குத் தேநீர் கொண்டுபோகும்போது, மாமியின் கண் அந்தப் பொட்டில் ஒரு கணம் தங்கும். பிறகு இரக்கத்தோடு விலகும். கஜானிக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அழகரத்தினம் 2007 ஆடி மாதத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. அதற்கு முதல் நாள் இலக்கத்தகடு இல்லாத வான் வண்டியில் ஆட்கள் வந்து அவனை விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். பதினான்கு மாதங்கள் எந்தச் செய்தியும் இல்லை. பிறகு ஒரு நாள் தொலைபேசி அடித்தது. அவன் யாருக்கும் சொல்லாமல் தப்பி ஓடியிருந்தான். ஆனால் அதற்குள் சீதேவி அவனை மனதுக்குள் அடக்கம் செய்துவிட்டாள். அந்த வான் வண்டியில்தான் அவனைக் கொண்டுபோயிருப்பார்கள்; அதில் போனவர்கள் திரும்பி வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

இளைய மகன் யதுர்ஷன் விடயத்தில் எல்லாம் தலைகீழாக இருந்தது. சுனாமியாகக் கடல் வந்த அன்று அவனுக்குப் பதினான்கு வயது. கல்லடிக் கரையில் கூட்டாளிகளுடன் கிரிக்கெட் விளையாடப் போயிருந்தான். சீதேவி அன்று வவுணதீவில் தம்பியின் வயல் வட்டையில் இருந்ததால் தப்பினாள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. பிள்ளையின் உடல் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அவன் சாகவில்லை என்று சீதேவி சொன்னாள். கடல் கொண்டுபோய் எங்கோ ஒதுக்கியிருக்கும், யாரோ எடுத்து வளர்ப்பார்கள். போன தீபாவளிக்கும் பத்தொன்பது வயதுக்காரனுக்கு அளவான சேட் ஒன்று வாங்கச் சொன்னாள். அவனுக்கு முப்பத்தோராம் நாள் காரியம்கூட நடக்கவில்லை.

போர் முடிந்த அந்த வருடத்தின் ஐப்பசியில் பெரியாஸ்பத்திரி டொக்டர் கஜானியைத் தனியாகக் கூப்பிட்டார். மாமியின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மார்கழி தாண்டுவது கஷ்டம் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்த கஜானி அழகரத்தினத்துக்குத் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “மாமி உங்களச் செத்தவரா நினைச்சுக்கொண்டு கண்ண மூடக் கூடாது. அசையிற முகமா ஒருக்காக் காட்டோணும். எப்பிடியாவது.”

அவனால் வர முடியாது. அகதி வழக்கு முடியும்வரை அந்த நாட்டைவிட்டு அசைய முடியாது. ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியாது. அதனால் ஊருக்கு வந்த ஒருவரிடம் கறுப்பும் சிவப்புமான ஒரு ரவுட்டரைக் கொடுத்தனுப்பினான். கஜானி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவள். ஊரில் வேலையை முடித்துப்போன தொண்டு நிறுவனம் ஒன்று மலிவாக விற்ற பழைய லப்டொப் அவளிடம் இருந்தது. தொலைபேசி லைன் வீட்டின் முன்பக்க ஹோலுக்குத்தான் வருகிறது. ரவுட்டரை அதனருகில் மேசையில் வைத்தாள்.

முதல் செவ்வாய்க்கிழமை. அவனுக்கு விடுமுறை அந்த ஒரு நாள்தான். இங்கே பின்னேரம் நாலு மணி, அங்கே பகல் பதினொன்றரை. ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகள் இருந்தன, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். “ஐஞ்சு கிகாஹேர்ட்ஸ் எண்டு இரிக்கும், அதப் போடு, அதுதான் நல்லமாம்,” என்று அவன் சொன்னான். போட்டாள்.

அவன் முகம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தது. காதோரம் நரைத்திருந்தது. மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட தழும்பு. இரண்டு வருடங்களுக்கும் மேலாக அவள் காணாத முகம்.

“என்ன இப்பிடி மெலிஞ்சு போனீங்க?”

“நீ குண்டாகிட்டாய். இரண்டையும் கூட்டிப் பிரிச்சாச் சரியா வரும்.”

கஜானி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த சிரிப்பு அழுகையாகுமுன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். அந்த அறை முன்பு நெல்மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியது. ஈரம் ஏறாதபடி சுவர்கள் மொத்தமானவை. அடுப்பெரிந்த குசினியைத் தாண்டியதும் அவன் குரல் அறுந்தது. கட்டிலருகே போய்த் திரையைத் திருப்பியபோது அழகரத்தினம் பாதி மூடிய கண்களோடு அசையாமல் நின்றான்.

சீதேவி வீங்கிய கையை ஊன்றி எழுந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“இது படம்கா,” என்றாள்.

“இல்ல மாமி, இப்ப அசைவார், கொஞ்சம் பொறுங்க…”

“முன்னுக்கு நீ சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சது எனக்குக் கேட்டது. அங்க உயிரோட இரிக்கிறவன் என்னட்ட வந்தா மட்டும் ஏன் படமாப் போறான்?”

கஜானி லப்டொப்பைக் கட்டிலில் வைத்தாள். “அப்ப நீங்க முன்னுக்கு வாங்க. ஹோலில கட்டில் போடுறன்,” என்றாள்.

சீதேவி தலையை ஆட்டி மறுத்தாள். இந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். இது கஜானியின் தாய் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. மகள் இல்லாத சீதேவி, வீட்டைக் கடல் கொண்டுபோனதால், மருமகளிடம் வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் ஹோலில் உட்கார்ந்ததே இல்லை. கஜானி எத்தனை முறை சண்டை பிடித்தும் பின்னறையைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“உன்ட சீதன ஊட்டு நடு ஹோலில நான் நோய்ப் படுக்கை போடுறதோ? போற உசிர் அங்க போனா, மறுகா நீ அதில இருந்து எப்பிடிச் சோறு தின்னுவாய்? ஒண்ணா, புள்ள. என்ன இழுக்காத.”

அடுத்த செவ்வாய்க்கிழமை மற்ற அலைவரிசையை முயன்று பார்த்தார்கள். அது பழையது, ஆனால் சுவரைத் தாண்டும் என்று அழகரத்தினம் யாரிடமோ கேட்டு வைத்திருந்தான். சனலின் அகலம் என்று ஓரிடத்தில் இருபது, நாற்பது என இரண்டு எண்கள் இருந்தன.

“நாப்பதப் போடு. பெரிசு போட்டா வேகம் கூடத்தானே.”

கணக்கு ரீச்சருக்கும் அது சரியாகவே பட்டது. இருபதைவிட நாற்பது பெரிது.

அன்று நடந்தது முந்தியதைவிட மோசமாக இருந்தது. படம் பின்னறை வரை வந்தது. ஆனால் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. வாய் ஓரிடத்தில், கண் ஓரிடத்தில். “அ… ம்… மா…” என்று குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து நின்றது. சீதேவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“அந்தப் பெட்டிய இனி இஞ்ச கொண்டு வராத,” என்றாள். “என்ட புள்ளைய எனக்கு முழுசாத்தான் நினைக்கோணும்.”

அதற்குப் பிறகு அவள் சாப்பிடுவதும் குறைந்தது. இரண்டு மிடறு கஞ்சி. அவ்வளவுதான். மழை தொடங்கிவிட்டது. முற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கஜானி நாட்களை எண்ணத் தொடங்கினாள், எண்ணுவதற்காகத் தன்னைத் தானே வெறுத்தாள்.

கடைசியில் டிலக்சனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் அவளுடைய தாய்மாமன் மகன். சுனாமிக்குப் பிறகு அவர்களுடைய ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு முளைத்த நிறுவன அலுவலகங்களுக்கெல்லாம் கொம்பியூட்டர் திருத்துபவன். செவ்வாய்க்கிழமை மதியம், மழையில் நனைந்த ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

“என்ன மச்சாள், ஆறு வருஷம் கழிச்சு என்ட நினைப்பு வந்திரிக்கு. அத்தான் அங்க வெள்ளைக்காரிய வைச்சிட்டாரா?”

“வாயை மூடிக்கொண்டு இதப் பார்.”

“வாயை மூடினா எப்பிடிப் பாக்கிறது? நான் கதைச்சுக் கதைச்சுத்தான் வேலை செய்யிறவன்.”

அவன் முதலில் தன் லப்டொப்பை வயரால் ரவுட்டரில் கொழுவினான். ஒரு குறையும் இல்லை. “லைன் நல்லா இரிக்கு. பிழை காத்துல,” என்றான். அவளுடைய லப்டொப்பில் வயர் கொழுவும் ஓட்டை உடைந்திருந்தது. “இது மட்டும் நல்லா இரிந்திருந்தா குசினிக்கால ஒரு வயர இழுத்துப்போட்டு நான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருப்பன். என்ட லப்டொப்பத் தரலாமெண்டா அது ஓபிஸ்ட, நாலு மணிக்கு அங்க வேணும்.”

பிறகு திரையில் ஏதோ ஒன்றைத் திறந்து அவளைக் கூப்பிட்டான். பெயர்கள் வரிசையாக நின்றன. ஒன்பது.

“பாருங்க. இந்தப் பக்கம் கண்ணிவெடி அகற்றுறவங்க. எதிர்ப்பக்கம் வீடு கட்டிக் குடுக்கிறவங்க. மூலையில கக்கூஸ் கட்டுறவங்க. எல்லாற்ற வைஃபையும் உங்கட ஊட்டுக்குள்ளதான் நிக்கிது. இந்த நேரத்துல எல்லாரும் அறிக்கை அனுப்புறாங்க. இதுக்குள்ள நீங்க நாப்பதப் போட்டிரிக்கீங்க.”

“பெரிசு நல்லமெண்டுதானே…”

“தனிக்காட்டுல இருந்தா நல்லந்தான். ஆத்துல ஒன்பது பேர் வலை போட்டிரிக்கிற இடத்துல நீங்க மட்டும் இரண்டு பங்கு அகலமான வலையை விரிச்சா என்ன நடக்கும்? எல்லாற்றயும் கொழுவிச் சிக்குப்படும். ஒருத்தருக்கும் மீனில்ல. கணக்கு ரீச்சர் எண்டு வெளியில சொல்லிராதீங்க, மச்சாள்.”

“ஐஞ்சில போட்டா?”

“அதுல ஒருத்தரும் இல்ல. அகலமாப் போடலாம், ராசா மாதிரி ஓடும். ஆனா அது செவர் கண்டாச் செத்துரும். ஹோலுக்குத்தான் சரி. மாமி வரமாட்டாதானே?”

“வரமாட்டா.”

“அப்ப பழசுதான். ஒடுக்கமா இருபது போடுவம். வேகம் குறையும்தான். ஒரு முகம் தெரியிறதுக்கு அவ்வளவு வேகம் வேணுமா? அறாமல் வந்தாக் காணும்.” முதலாம் சனலில் தூரத்துப் பெயர் ஒன்று மட்டும் மங்கலாக நின்றது. ஆனால் பக்கத்து அலுவலகம் மூன்றாம் சனலில் உட்கார்ந்துகொண்டு அதன்மேலும் சரிந்திருந்தது. டிலக்சன் ஹெல்மெட்டை எடுத்தான். “பொறுங்க, நான்தான் அவங்கட ரவுட்டரையும் பாக்கிறது. ஆறாம் சனலுக்கு மாத்திட்டு வாறன். ஏன் ஸ்லோ எண்டு கேட்டா மழை எண்டு சொல்லுவம். வெள்ளைக்காரன் மழை எண்டா எதையும் நம்புவான்.”

அவன் போய் வந்தபோது மூன்றரை. கஜானி லப்டொப்பைப் பின்னறைக் கதவுவரை கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

“மாமி, இன்னும் ஒருக்காப் பாருங்க.”

“ஒண்ணா எண்டனே.”

“இதுதான் கடைசி. இதிலயும் அவர் படமா நிண்டா, நீங்க சொல்லுறத நான் நம்புறன். இந்தப் பொட்ட அழிச்சிட்டு உங்களோட சேர்ந்து விளக்குக் கொழுத்துறன்.”

சீதேவி திடுக்கிட்டு மருமகளைப் பார்த்தாள். அந்தப் பெண் விளையாடவில்லை என்று தெரிந்தது. தலையணையைத் தட்டினாள். “நிமிர்த்தி வை,” என்றாள்.

நாலு மணிக்கு அழைப்பு வந்தது. ஹோலில் கண்டதைப்போல அத்தனை துல்லியமாக இல்லை. ஓரங்கள் கொஞ்சம் மங்கலாக இருந்தன. ஆனால் அழகரத்தினம் கண் சிமிட்டினான். மூச்சு விட்டான். பின்னால் யாரோ கதவைத் திறந்து மூட, திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் முன்னால் பார்த்தான்.

“அம்மா.”

சீதேவி ஒரு விரலை நீட்டித் திரையைத் தொட்டாள். பிறகு சந்தேகத்தோடு, “நாக்க நீட்டு,” என்றாள்.

“என்னம்மா?”

“நாக்க நீட்டடா.”

முப்பத்து மூன்று வயதுக்காரன் நாக்கை நீட்டினான். கதவோரம் நின்ற டிலக்சன் சிரிப்பை அடக்க ஹெல்மெட்டால் வாயைப் பொத்தினான்.

“இடப் பக்கம் வளை. மற்றப் பக்கம். கள்ளன், சின்னப் புள்ளையில சீனி திண்டா இப்பிடித்தான் நாக்குல பாப்பன்,” என்ற சீதேவியின் குரல் உடைந்தது. “மனே. நீ இரிக்காய், என்ன? உண்மையா இரிக்காய்.”

“இரிக்கன், அம்மா.”

“புள்ள, அந்த விளக்க நூத்து. கெதியா நூத்து. ஐயோ, இரிக்கிற புள்ளைக்கு நான் என்ன செய்து வைச்சிரிக்கன்.”

கஜானி எழுந்து போய்ச் சுடரை விரல்களால் பிடித்தாள். சுட்டது தெரியவில்லை. டிலக்சன், நேரமாகிவிட்டதென்று கையைக் காட்டிவிட்டு வெளியேறினான். அவள் திரும்பி வந்தபோது மாமியின் கண்களில், பல வருடங்களாக அவள் காணாத ஓர் உற்சாகம் இருந்தது. அது கஜானியைக் கொஞ்சம் பயப்படுத்தியது.

“எல்லாரும் நீ போயிட்டாய் எண்டாங்க. நானும் நம்பினன். பாத்தியா, இரிக்காய். அப்ப தம்பியும் எங்கயோ இரிக்கான்தானே? கடல் அடிச்சவங்கட முகாமில கண்டம் எண்டு சொன்ன ஆக்கள் பொய் சொல்லல்ல, மனே. நாமதான் வடிவாத் தேடல்ல. குருக்கள்மடத்துல ஒரு நாள்தான் நிண்டம். நீ அங்க செஞ்சிலுவைக்காரரிட்டக் கேளு. இப்ப பத்தொன்பது வயசு, உன்னப்போல உயரமா இரிப்பான்…”

அழகரத்தினம் கீழே பார்த்தான்.

கஜானி திரை உறையட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. முந்தைய வாரங்களில் எந்த நொடியிலும் உறைந்த படம் இப்போது உறையவில்லை. அவனுடைய தாடை இறுகுவது தெரிந்தது. அவன் முகத்தைத் திருப்ப முயன்று, முடியாமல் மீண்டும் தாயைப் பார்த்தான்.

சீதேவி பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த முகத்தைப் பெற்றவள் அவள்.

“நீ கண்டிரிக்காய்,” என்றாள்.

அவன் மேசையிலிருந்த எதையோ நகர்த்தி வைத்தான்.

“நீ அவனக் கண்டிரிக்காய்டா.”

“மூண்டாம் நாள்,” என்றான் அழகரத்தினம். “சவங்கள வரிசையா வைச்சிரிந்த இடத்துல. சேட்ட வைச்சுத்தான் பிடிச்சன், அம்மா. உங்களுக்குக் காட்டுற மாதிரி இல்ல. அண்டைக்கே புதைக்கோணும் எண்டாங்க. எல்லாரோடயும் சேர்த்துத்தான்.”

கஜானிக்கு இது புதிது. அந்த மூன்றாம் நாள் அவன் வீட்டுக்கு வந்து பேசாமல் குளித்துவிட்டுப் படுத்தது நினைவிருந்தது. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

“அப்ப ஏன்டா என்னச் சைக்கிளில ஏத்திக்கொண்டு முகாம் முகாமாத் திரிஞ்சாய்?” சீதேவியின் குரலில் கோபம் இல்லை. புரியாமல்தான் கேட்டாள். “நாலு மாசம். அந்த வெயிலுக்குள்ள.”

“நீங்க கேட்டீங்க. இல்லையெண்டு சொல்ல வாய் வரல்ல. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு… மறுகா நீங்க அவனுக்குச் சேட் வாங்கத் தொடங்கிட்டீங்க.”

கூரையில் மழை பலத்தது. கஜானி திரையை இன்னும் கிட்டப் பிடித்தாள்.

“என்ன சேட்?” என்று சீதேவி கேட்டாள்.

“நீலக் கோடு போட்டது.”

“ஓம். அது மாமா எடுத்துக் குடுத்தது.” சிறிது நேரம் கண்களை மூடிக்கொண்டாள். “தனியா இல்லத்தானே?”

“இல்லம்மா.”

“பக்கத்துல ஆரு?”

“ஒரு பக்கம் வயசான ஒரு ஆள். மற்றப் பக்கம் சின்னப் பொம்பிளப் புள்ள ஒண்டு.”

சீதேவி மெல்லத் தலையாட்டினாள். யார் யார் பக்கத்தில் என்பதை மனதில் ஒழுங்குபடுத்துவதுபோல மீண்டும் ஒருமுறை தலையாட்டினாள். கஜானியின் பக்கம் திரும்பாமலே, “ஐயருக்குச் சொல்லு, புள்ள. அவனுக்குச் செய்யவேண்டியதச் செய்வம். நான் இரிக்கக்குள்ள செய்வம்,” என்றாள்.

“சரி மாமி.”

அழகரத்தினம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு, தான் அங்கே இருக்கிறேன் என்று தாய்க்குத் தெரியவேண்டும் என்பது நினைவு வந்தவனாய்க் கைகளை எடுத்தான். கண்ணீர் தாடையில் இறங்கியது. மூக்கு ஒழுகியது. அவன் துடைக்கவில்லை.

“வைக்கட்டா, அம்மா? உங்களுக்கு ஏலாது. அடுத்த கிழமை கதைப்பம்.”

“வைக்காத,” என்றாள் சீதேவி. கையை மறுபடியும் திரையில் வைத்தாள். “அழு, மனே. நான் பாத்துக்கொண்டுதான் இரிக்கன்.”